முதல் உப்புத்தண்ணீர்த் தொட்டி: எங்கிருந்து தொடங்குவது?

வில்லிவாக்கம்வாசி | 12 ஜனவரி 2025, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். நாலு வருடமாக நன்னீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கப்பி, கறுப்பு மோலி, வயதான ஒரு ஏஞ்சல். மாதம் ஒருமுறையாவது கொளத்தூர் வண்ணமீன் கடைகள் பக்கம் போய்விடுவேன். போன ஞாயிறு மகளையும் கூட்டிப்போனேன் (இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்). ஒரு கடையில் கோமாளி மீனைப் (ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன்) பார்த்தவள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றுவிட்டாள். இழுத்து வரக் கால்மணி நேரம் ஆயிற்று.

கடைக்காரர், "தொட்டி, உப்பு, மீன் எல்லாம் இன்றைக்கே எடுத்துக்கோங்க சார், சாயங்காலமே நீந்தும்" என்றார். நல்லவேளை, பையில் அவ்வளவு பணம் இல்லை.

சென்னை வில்லிவாக்கத்தில் முதல் மாடி வீடு. ஹாலில் ஏசி கிடையாது. பட்ஜெட் ஐம்பதாயிரம், கொஞ்சம் நீட்டலாம். பவளம் எல்லாம் வேண்டாம். இரண்டு கோமாளி, கூட ஒன்றிரண்டு மீன், போதும். எவ்வளவு பெரிய தொட்டி வைக்கலாம்? கடல் தண்ணீரையே கேனில் பிடித்து வரலாமா? இன்னொரு சிக்கல், வீட்டில் சைவம். மீன் தீனிக்கென்று ஃப்ரீசரில் இறால் பாக்கெட் வைத்தால் மாமியார் பெட்டியைக் கட்டிவிடுவார்.

உவர்நீர் | 13 ஜனவரி, காலை 6.15

போகி வாழ்த்து. தெருவெல்லாம் புகை, கண் எரிகிறது. இருந்தாலும் பதில் போட்டுவிட்டே டீ குடிக்கப் போகிறேன்.

சாயங்காலமே நீந்தும் என்று அவர் சொன்னது பொய் இல்லை. அடுத்த வாரச் சாயங்காலத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வையுங்கள். கணக்குக்கு 190 லிட்டர் வரும். மேலே விடும் இடைவெளி, கல், மணல் எல்லாம் போக நிற்பது சுமார் 150 லிட்டர். இந்த 150-ஐ ஒரு தாளில் எழுதி ஸ்டாண்டுக்குள் ஒட்டிவையுங்கள். உப்போ மருந்தோ எது போட்டாலும் கணக்கு அதை வைத்துத்தான். ஒரு அடி, ஒன்றரை அடித் தொட்டியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சின்னத் தொட்டி சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், உப்புத்தண்ணீரில் அது நேர்மாறு. 30 லிட்டர்த் தொட்டியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஆவியானாலே உப்பின் அளவு ஏறிவிடும். 150-இல் அது தெரியவே தெரியாது.

ஸ்டாண்டு, கல், தண்ணீர் எல்லாம் சேர்த்து 300 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். முதல் மாடி என்பதால் ஹாலின் நடுவில் வேண்டாம், பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள்.

சாமான்களில் பணத்தை முதலில் ஸ்கிம்மரில் போடுங்கள். தண்ணீருக்குள் நுண்ணிய காற்றுக்குமிழிகளை விட்டால் கழிவு அதில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறும், அதைக் குவளையில் பிடித்துக் கொட்டிவிடுகிறோம். சோறு பொங்கும்போது மேலே திரளும் கஞ்சி நுரை மாதிரிதான், என்ன, நாற்றம் மட்டும் வேறு. நன்னீரில் இது சரியாக வேலை செய்யாது, உப்புத்தண்ணீரில்தான் குமிழி அவ்வளவு பொடியாக நிற்கும். அப்புறம் இரண்டு வேவ்மேக்கர் (தண்ணீரை அலையடிக்கவைக்கும் பம்பு). உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர். மிதக்கும் கண்ணாடிக் குச்சியை நம்பாதீர்கள். பவளம் இல்லாததால் சாதாரண எல்இடி விளக்கு போதும். சென்னையில் ஹீட்டர் வாங்கச் சொல்பவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

தண்ணீர் ஊற்றிய நாளிலிருந்து ஆறு வாரம் மீன் கிடையாது, மீன் கழிவின் விஷத்தை முறிக்கும் பாக்டீரியா முதலில் வளரவேண்டும். மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், முழுப்பரீட்சை லீவுக்குத்தான் கோமாளி வரும் என்று.

கப்பிராஜா | 13 ஜனவரி, காலை 9.02

எதுக்கு சார் இவ்வளவு? உங்க கறுப்பு மோலியே உப்புத்தண்ணீரில் வாழும். அதையே போட்டு ஆரஞ்சு கலர் லைட் அடிச்சிடுங்க 😄

உவர்நீர் | 13 ஜனவரி, காலை 9.30

ராஜா விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் சரி. மோலி கழிமுகத்தில் பழகிய இனம். மெதுவாகப் பழக்கினால் முழுக் கடல் உப்பிலும் இருக்கும். சொல்லப்போனால் முதல் மீனாக மோலியைப் போடுவது நல்ல யோசனை. கடல் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய் வேறு, நன்னீர் மீனுக்கு வருவது வேறு. நன்னீரில் பிறந்து வளர்ந்த மோலி அந்தக் கடல் நோயைக் கொண்டுவராது. பாசியையும் மேயும். நேரம் வரும்போது சொல்கிறேன்.

நீலாங்கரைநண்டு | 13 ஜனவரி, மதியம் 1.15

ஐந்து வருடமாக நான் கடல் தண்ணீர்தான் பயன்படுத்துகிறேன். கரையில் மொள்வதில்லை. தெரிந்த படகுக்காரர் ஒருவர் வலை போடப் போகும்போது உள்ளேயிருந்து கேனில் கொண்டுவந்து கொடுப்பார். இருட்டில் இரண்டு வாரம் மூடி வைத்து, மேலாக இறுத்து வடிகட்டி ஊற்றுவேன். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடல் தொட்டிக்கென்று விற்கும் வெளிநாட்டு உப்பு வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

உவர்நீர் | 13 ஜனவரி, மதியம் 1.40

உங்களுக்குச் சரி. படகுக்காரர் இருக்கிறார், ஐந்து வருடப் பழக்கம் இருக்கிறது. இவர் வில்லிவாக்கத்திலிருந்து பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு மெரினாவுக்குப் போவார். அந்தப் பக்கம் கூவம், இந்தப் பக்கம் அடையாறு, நடுவில் நின்று மொண்டு வந்தால் என்ன கிடைக்கும் என்று நான் சொல்லவேண்டுமா? வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து படர்ந்ததை எல்லாரும் பார்த்தோமே.

நீலாங்கரைநண்டு | 13 ஜனவரி, மதியம் 1.52

மெரினாவில் மொள்ளச் சொல்லி நான் எங்கே எழுதினேன்?

அலைவாய் | 13 ஜனவரி, இரவு 8.20

சண்டை வேண்டாம், இரண்டு பேரும் சொல்வதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நான் கடல் உயிரியல் படித்தவள், அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

நம் கரையோரக் கடலின் உப்பு வருடம் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. கோடையில் 34, 35 என்று இருப்பது (ஒரு கிலோ தண்ணீருக்கு இத்தனை கிராம் உப்பு என்று கணக்கு) வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நன்றாக இறங்கிவிடும். நம் மழை மட்டும் காரணம் இல்லை. அந்த மாதங்களில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்புகிறது. கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் வங்கக்கடலில் கொட்டிய நன்னீர் கலந்த தண்ணீர் நம் வாசல் வழியாக இறங்கிப் போகிறது. ஆக ஐப்பசியில் பிடிக்கும் கேனும் சித்திரையில் பிடிக்கும் கேனும் ஒன்றல்ல. நண்டு சார் அளந்து சரிசெய்வார் என்று நம்புகிறேன்.

நான் எழுத வந்ததே வேறு விஷயத்துக்கு. வில்லிவாக்கம் சார், யாராவது "ராமேஸ்வரத்துக் கல், மண்டபத்துக் கல்" என்று பவளக்கல்லை நீட்டினால் தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் 2001-இலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. செத்து வெளுத்த பவள எலும்பும் அதில் அடங்கும். கடல் குதிரை, கடல் அட்டை இரண்டுக்கும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இலிருந்து கடல் தேசியப் பூங்கா. ஒரு காலத்தில் அங்கே பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வண்டி வண்டியாக ஏற்றினார்கள். நம் தொட்டிக்காக அது மறுபடி தொடங்கவேண்டாம்.

செராமிக்கில் செய்த கல் கிடைக்கிறது, துளைகள் நிறைய இருக்கும், பாக்டீரியா குடியேற அதுதான் தேவை. சிமென்ட்டில் நாமே வார்ப்பவர்களும் உண்டு. ஆனால் காரம் இறங்கும்வரை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

கோமாளி மீனையும் பண்ணையில் பொரித்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபம், விழிஞ்சம் ஆராய்ச்சி மையங்களிலும் பரங்கிப்பேட்டையிலும் அதைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை எப்போதோ கைவசப்படுத்திவிட்டார்கள். பண்ணை மீன் பெல்லட் (காய்ந்த உருண்டைத் தீனி) தின்னும், நோயும் குறைவு.

வில்லிவாக்கம்வாசி | 14 ஜனவரி, காலை 11.10

பொங்கல் வாழ்த்துகள். அலைவாய் மேடம், பவளக்கல் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. கடையில் அன்றைக்கு ஒரு கூடை நிறைய வெள்ளைக் கல் இருந்தது, இப்போதுதான் புரிகிறது.

அசட்டுக் கேள்வி ஒன்று. கடல் தண்ணீர் வேண்டாம், வெளிநாட்டு உப்பு விலை அதிகம். மளிகைக்கடைக் கல்லுப்பு கடலிலிருந்துதானே வருகிறது? அயோடின் சேர்க்காததாகப் பார்த்து வாங்கிக் கரைத்தால் என்ன?

மரக்காணத்தான் | 14 ஜனவரி, மாலை 4.35

அசட்டுக் கேள்வி இல்லை தம்பி. இதற்கு நான்தான் பதில் சொல்லவேண்டும், தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உப்பளத்து வேலை. நான் அம்பத்தூரில் லேத் பட்டறைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது, இருந்தாலும் கால் இன்னும் பாத்தியை மறக்கவில்லை.

உப்பளத்தில் தண்ணீரை ஒரே பாத்தியில் காயவைப்பதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றிக்கொண்டே போவோம். முதல் பாத்திகளில் சுண்ணாம்புச் சத்து அடியில் படிந்து நின்றுவிடும். அடுத்து ஜிப்சம் படியும். இரண்டும் கழிந்த பிறகுதான் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வரும், அங்கேதான் உப்பு விளையும். விளைந்ததும் மேலே எண்ணெய் மாதிரி கொழகொழவென்று ஒரு தண்ணீர் மிச்சம் நிற்கும். நாக்கில் வைத்தால் குமட்டும் கசப்பு. மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் அதில்தான் போய்ச் சேரும். அதை வெளியே திறந்துவிடுவோம், இல்லாவிட்டால் உப்பு கசந்து ஈரம் கோத்துக்கொள்ளும். ஆக, உங்கள் குழம்புக்குப் போகும் கல்லுப்பு என்பது கடலிலிருந்து முன்னும் பின்னும் கழித்துவிட்டு நடுவில் எடுத்த பகுதி. சாப்பாட்டுக்கு அது நல்லது. மீனுக்கு அது கடல் இல்லை.

அலைவாய் | 14 ஜனவரி, மாலை 5.10

இதைவிடத் தெளிவாக என் பேராசிரியர்கூடச் சொன்னதில்லை, அண்ணே. எண் மட்டும் சேர்க்கிறேன்: ஒரு கிலோ கடல் நீரில் 35 கிராம் உப்பு என்றால் அதில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து சுமார் 30 கிராம். மிச்சம் 5 கிராமில்தான் சல்பேட் 2.7, மெக்னீசியம் 1.3, கால்சியம் 0.4, பொட்டாசியம் 0.4 எல்லாம். பக்கெட்டில் வரும் அந்த வெளிநாட்டு உப்புக்கு நாம் கொடுக்கும் பணம் அந்த 5 கிராமுக்காக.

உவர்நீர் | 14 ஜனவரி, இரவு 9.00

150 லிட்டருக்கு முதல்முறை ஐந்தரைக் கிலோ உப்பு ஆகும். அதன்பிறகு வாரம் 15 லிட்டர் மாற்றுவதற்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு பெரிய பக்கெட் பல மாதம் வரும், பயப்படாதீர்கள். பக்கெட்டில் தண்ணீரை நிரப்பி, சின்ன பம்பு ஓடும்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பு திரிந்து பால் மாதிரி ஆகிவிடும். ஒரு ராத்திரி சுற்றவிட்டுக் காலையில் அளந்து பாருங்கள்: 1.025 (கடல் அளவு உப்புக்கு வரும் அடர்த்தி, நன்னீர் என்றால் 1.000). மீன் இருக்கும் தொட்டியில் நேராக உப்பைக் கொட்டுவது கொலைக்குச் சமம்.

வில்லிவாக்கம்வாசி | 26 ஜனவரி, காலை 10.25

தொட்டி வந்துவிட்டது! கல் அடுக்கியாயிற்று. மகள் ஒரு குகை கட்டச் சொன்னாள், இரண்டு தடவை சரிந்து மூன்றாவது தடவை நின்றது.

தண்ணீரில் மாட்டிக்கொண்டேன். குழாய்த் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 610 காட்டுகிறது (எங்கள் அடுக்ககத்தில் மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் கலந்து வரும்). சமையலறை ஆர்ஓ வழியாக வந்தால் 85. இது போதுமா?

உவர்நீர் | 26 ஜனவரி, காலை 11.00

போதாது. வீட்டு ஆர்ஓவில் ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். அது வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திருப்பிக் கலக்கிறது. மெக்கானிக்கிடம் சொல்லி, மெம்பரேனிலிருந்து வரும் குழாயில் கன்ட்ரோலருக்கு முன்னாலேயே தனியாக ஒரு கிளை எடுங்கள், அதில் டிஐ ரெசின் குழலை (மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும்) மாட்டுங்கள். மீட்டர் 0 காட்டவேண்டும். நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் உள்ளே வந்தால் பாசிக்குச் சாப்பாடு. கழிவுத் தண்ணீரை மாடி துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பிராஜா | 26 ஜனவரி, காலை 11.20

ஒரு சந்தேகம். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்துவிட்டுக் குழாயில் விடுகிறார்கள். அதை நாம் மறுபடி வடிகட்டி, கப்பலில் வந்த உப்பைப் போட்டு, மறுபடி கடல் தண்ணீர் ஆக்குகிறோம். இதற்கு நேராக அவர்களிடமே ஒரு கேன் கேட்டுவிடலாமே?

நீலாங்கரைநண்டு | 26 ஜனவரி, காலை 11.31

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்!!

வில்லிவாக்கம்வாசி | 1 பிப்ரவரி, இரவு 9.50

டிடிஎஸ் 0, உப்பு 1.025. தொட்டி ஓடுகிறது. இனி பாக்டீரியாவை வளர்க்கவேண்டும். எங்கே படித்தாலும் ஒரு இறாலைப் போட்டு அழுகவிடு என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது.

அலைவாய் | 1 பிப்ரவரி, இரவு 10.15

இறால் அழுகி அம்மோனியா வரவேண்டும், அவ்வளவுதானே? நேராக அம்மோனியம் குளோரைடே போடுங்கள். 150 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம்தான் இது, ஆனால் அவர்களிடம் வாங்கவேண்டாம். ஆய்வகத்துக்கான சுத்தமான தூளைக் கேட்டு வாங்குங்கள். அதையே ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். கடல் தொட்டியில் பிஹெச் 8.2 பக்கம் நிற்பதால் அம்மோனியாவின் விஷம் நன்னீரைவிடக் கடுமை. அதனால்தான் இங்கே அவசரம் செல்லாது.

வில்லிவாக்கம்வாசி | 16 பிப்ரவரி, காலை 7.30

மகள்தான் இப்போது ஆய்வக உதவியாளர். சொட்டுகளை அவள் எண்ணுவாள், நான் குலுக்குவேன். இன்று அம்மோனியாக் குழாய் இளம்பச்சை, 0.5. நைட்ரைட் கத்தரிப்பூ நிறம், நிற அட்டையில் கடைசிக் கட்டத்தையும் தாண்டி. "அப்பா, மீன் இல்லாத தண்ணிக்கு ஏன் தினமும் டெஸ்ட்?" என்கிறாள். நல்ல கேள்வி. வீட்டுக்கு வருகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். கல்லையும் தண்ணீரையும் விளக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கல்லெல்லாம் பழுப்பாகப் பொடி பூத்திருக்கிறது. தேய்த்து எடுக்கவா?

உவர்நீர் | 16 பிப்ரவரி, காலை 8.10

டயட்டம், ஒருவகை நுண்பாசி. புதுத் தொட்டிக்கு வரும் அம்மை மாதிரி, தானே போய்விடும். தொடாதீர்கள்.

இந்த ஓய்வு நேரத்தில் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, மின்சாரம். தொட்டி விளிம்பில் உப்புப் பூக்கும், வயர் வழியாக நடந்து பிளக் வரை போகும். எனக்கு ஒருமுறை மல்டிபிளக்கின் ஓட்டையில் வெள்ளையாகக் கற்கண்டு மாதிரி கட்டியிருந்தது. கையில் சுரீரென்று இழுத்த பிறகுதான் பார்த்தேன். பிளக்கைத் தொட்டிக்குக் கீழே வைக்காமல் பக்கச் சுவரில் மேலே வையுங்கள். வயர் ஒரு வளைவு கீழே இறங்கித் தொங்கிவிட்டுப் பிளக்குக்கு ஏறட்டும், சொட்டு அங்கேயே விழுந்துவிடும். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அதை மாட்டாமல் மீன் வாங்காதீர்கள்.

இரண்டு, கரண்ட் போனால் என்ன செய்வது என்று இப்போதே யோசியுங்கள். வர்தா புயல் வந்தபோது, 2016 டிசம்பரில், எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. உப்புத்தண்ணீரில் கரையும் ஆக்சிஜனே குறைவு, தண்ணீர் அசையாவிட்டால் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். நானும் என் தம்பியும் முறை வைத்துக்கொண்டு சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். இரண்டாம் ராத்திரி தூங்கிவிட்டேன். காலையில் மிஞ்சியது ஒரு கோமாளி மட்டும். இப்போது ஒரு வேவ்மேக்கர் இன்வெர்ட்டரில் ஓடுகிறது, கூடவே பேட்டரி ஏர்பம்பு ஒன்று அலமாரியில் இருக்கிறது.

வில்லிவாக்கம்வாசி | 9 மார்ச், இரவு 8.45

நேற்று மாலை 2 பிபிஎம் அளவுக்கு அம்மோனியம் குளோரைடு போட்டேன், இன்று மாலை அம்மோனியா 0, நைட்ரைட் 0. நைட்ரேட் 20-க்கு மேல், அதனால் பாதித் தண்ணீரை மாற்றினேன். இரண்டு கறுப்பு மோலிகளை ஒரு டப்பில் விட்டு, சொட்டுக் குழாய் வைத்து மூன்று நாளில் உப்பை ஏற்றி, தொட்டியில் விட்டேன். பழுப்புக் கல்லை மேய ஆரம்பித்துவிட்டன. முதல் கடல் மீன் எங்கள் வீட்டு மோலிதான்! கப்பிராஜாவுக்கு நன்றி. ஆரஞ்சு விளக்கு மட்டும் வேண்டாம்.

கப்பிராஜா | 9 மார்ச், இரவு 8.58

இந்த இழையில் உருப்படியாகப் பேசியது நான் ஒருத்தன்தான் போல.

வில்லிவாக்கம்வாசி | 20 ஏப்ரல், மதியம் 12.30

கோமாளிகள் வந்துவிட்டன. கொளத்தூரிலேயே வேறொரு கடை, பண்ணையில் பொரித்த குஞ்சுகள். அலைவாய் மேடம் தனிச்செய்தியில் சொன்னபடி வேண்டுமென்றே ஒன்று பெரியது, ஒன்று சிறியது. எல்லாம் ஆணாகவே வளர்ந்து, பெரியது பெண்ணாக மாறிவிடுமாமே! மாமியாரிடம் சொன்னேன், "கலிகாலம்" என்றார்.

கையோடு கொண்டுபோன ரிஃப்ராக்டோமீட்டரில் கடைத் தண்ணீரைப் பார்த்தால் 1.019. நோய்க்கிருமியை அடக்கவும் உப்புச் செலவைக் குறைக்கவும் குறைத்து வைத்திருக்கிறார்கள் போல. நேராக என் 1.025-இல் விட்டிருந்தால் அவ்வளவுதான். 40 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் அதே 1.019-இல் விட்டு, நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றுகிறேன். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு. நாலு வாரம் இங்கேதான். பெல்லட் தின்கின்றன, ஃப்ரீசர் தப்பித்தது. (பெல்லட்டே மீன் தூளில் செய்வது என்பதை வீட்டில் யாரும் டப்பாவைத் திருப்பிப் படிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.)

மகள் பரீட்சை லீவில் நாள் முழுக்க டப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். பெரிய தொட்டியில் இரண்டு மோலி அரண்மனையில் இருப்பதுபோல் இருக்கின்றன.

அடுத்து, கடல் சாமந்தி (கோமாளி மீன் ஒளிந்து வாழும் கடல் உயிர், சீ அனிமோன்) ஒன்று வைக்கவேண்டும் என்கிறாள். கோமாளிக்கு அது இல்லாமல் ஆகாதாமே?

அலைவாய் | 20 ஏப்ரல், மதியம் 2.05

கடலில் ஆகாது, தொட்டியில் ஆகும். அங்கே எதிரிகளிடமிருந்து தப்பத்தான் அது வேண்டியிருக்கிறது. அதற்கு உங்கள் விளக்கும் போதாது, தொட்டிக்கு வயதும் போதாது. கடல் சாமந்தி ஓரிடத்தில் நிற்காமல் ராத்திரியில் நகர்ந்து வேவ்மேக்கரில் சிக்கி, துண்டாகித் தண்ணீர் முழுக்கக் கெட்ட கதைகள் நிறைய உண்டு. ஒரு வருடம் போகட்டும். உங்கள் கோமாளி ஏதாவது ஒரு மூலையையோ குழாயையோ வீடாக வைத்துக்கொள்ளும், பாருங்கள்.

வில்லிவாக்கம்வாசி | 11 மே, மதியம் 3.20

கத்திரி வெயில். ஹால் 34 டிகிரி, தொட்டி 31.5. டப்பிலிருக்கும் கோமாளிகள் வேகமாக மூச்சு வாங்குகின்றன. சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) விலை கேட்டேன், தொட்டியும் ஸ்டாண்டும் சேர்த்த விலையைவிட அதிகம். என்ன செய்வது?

நீலாங்கரைநண்டு | 11 மே, மதியம் 3.34

முதலில் மூடியை எடுங்கள், டப்பிலும் தொட்டியிலும் தண்ணீர் மேல்பரப்பு நன்றாகக் கலங்கட்டும். கம்ப்யூட்டருக்குள் வைக்கும் சின்ன விசிறி இரண்டைத் தண்ணீர் மேலே காற்று உரசும்படி வையுங்கள். ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், மண்பானை மாதிரி. இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடல்காற்று ஈரமாக வீசும் எங்கள் பக்கத்தைவிட வில்லிவாக்கத்தில் இது இன்னும் நன்றாகவே வேலை செய்யும். ஐஸ் கட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், திடீரென்று இறங்கி ஏறுவதுதான் ஆபத்து.

உவர்நீர் | 11 மே, மாலை 4.00

நண்டு சொல்வது சரி. (தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள் நண்டு.) பவளம் இல்லாத தொட்டிக்கு 28, 29 பரவாயில்லை. ஆனால் விசிறி வைத்தால் தினமும் இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகும், அதை ஈடுகட்ட மறக்காதீர்கள்.

வில்லிவாக்கம்வாசி | 25 மே, இரவு 11.05

ஒரு விபரீதம். 18-ஆம் தேதி கோமாளிகளைப் பெரிய தொட்டியில் விட்டேன். மறுநாள் அலுவலக வேலையாக ஆறு நாள் கோவை. தண்ணீர் இறங்கினால் கோட்டுவரை ஊற்றச் சொல்லி மாமியாரிடம் ஒப்படைத்திருந்தேன். பால்கனியில் இரண்டு டிரம். ஒன்றில் ஆர்ஓ தண்ணீர், ஒன்றில் கலக்கி வைத்த உப்புத்தண்ணீர். எதை என்று நான் சொல்லவில்லை. அவர், "உப்புத்தண்ணி தொட்டிக்கு உப்புத்தண்ணிதானே ஊத்தணும்" என்று தினமும் மூன்று லிட்டர் அதையே ஊற்றியிருக்கிறார். இன்று வந்து அளந்தால் 39 பிபிடி (கிலோவுக்கு 39 கிராம் உப்பு). மீன்கள் சாப்பிடுகின்றன, ஆனால் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. அவரைத் திட்டவும் முடியவில்லை, அவர் யோசித்ததில் நியாயம் இருக்கிறது.

மரக்காணத்தான் | 25 மே, இரவு 11.20

அம்மா தெரியாமலே உப்பளம் வைத்துவிட்டார். தண்ணீர்தான் ஆவியாகிறது தம்பி, உப்பு அங்கேயேதான் நிற்கும். நாங்கள் பாத்தியில் வேண்டுமென்று செய்வதும் இதைத்தான்.

உவர்நீர் | 25 மே, இரவு 11.28

பதற்றம் வேண்டாம். 18 லிட்டரில் கூடுதலாக 630 கிராம் உப்பு உள்ளே போயிருக்கிறது, கணக்கும் 39-க்குச் சரியாக வருகிறது. நாளைக்கு 5 லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு 5 லிட்டர் ஆர்ஓ ஊற்றுங்கள், மெதுவாக. அடுத்த இரண்டு நாளும் அப்படியே. மூன்றாம் நாள் 35-இல் நிற்கும். ஒரே நாளில் இறக்காதீர்கள். டிரம்களில் பெயர் எழுதி ஒட்டுங்கள், கொட்டை எழுத்தில்.

வில்லிவாக்கம்வாசி | 29 மே, காலை 7.00

1.026. இரண்டும் வெளியே வந்து சுற்றுகின்றன. டிரம்மில் மாமியாரே எழுதி ஒட்டிவிட்டார்: ஒன்றில் "மீனுக்குக் குடிதண்ணி", இன்னொன்றில் "தொடாதே".

வில்லிவாக்கம்வாசி | 17 ஜூன், காலை 9.15

ஒரு அவசரம். ஸ்கிம்மர் மூன்று மாதமாகக் கருப்புக் கஷாயம் மாதிரி கழிவு எடுத்துக்கொண்டிருந்தது. நேற்று காலையிலிருந்து நுரையே ஏறவில்லை, உள்ளே வெறும் தண்ணீர் மட்டும் சுழல்கிறது. பம்பைக் கழற்றிக் கழுவியாயிற்று. அம்மோனியா 0. மீன் நன்றாக இருக்கிறது. மோட்டார் போய்விட்டதா?

அலைவாய் | 17 ஜூன், காலை 9.40

வீட்டில் கொசு மருந்து ஸ்ப்ரே அடித்தீர்களா?

வில்லிவாக்கம்வாசி | 17 ஜூன், காலை 9.44

இல்லை மேடம், நீங்கள் தனிச்செய்தியில் எச்சரித்த பிறகு ஹாலில் அடிப்பதே இல்லை.

மரக்காணத்தான் | 17 ஜூன், காலை 9.58

நேற்று திங்கள்கிழமை, பள்ளிக்கூட நாள். காலையில் தொட்டிக்குள் கையை விட்டீர்களா?

வில்லிவாக்கம்வாசி | 17 ஜூன், காலை 10.06

குகைக்கல் ஒன்று சரிந்திருந்தது, நேராக்கினேன். ஐயோ. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மகளுக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிட்டேன்.

உவர்நீர் | 17 ஜூன், காலை 10.10

மோட்டார் போகவில்லை, எண்ணெய் நுரையை அடக்கிவிட்டது. அப்படியே ஓடட்டும், ஒரு நாளில் திரும்பிவிடும்.

வில்லிவாக்கம்வாசி | 18 ஜூன், காலை 6.50

நுரை ஏறிவிட்டது. பெரிய கோமாளி வேவ்மேக்கருக்குப் பின்னாலிருக்கும் மூலையை வீடாக்கிக்கொண்டது, சின்னது அதைத் தாண்டி வருவதற்கே அனுமதி கேட்கிறது. வீட்டில் புது ஏற்பாடு: தலை பின்னும் நாளில் அப்பா தொட்டிப் பக்கம் வரக்கூடாது, அன்றைக்குச் சாப்பாடு போடுவது மகளின் வேலை. வாரத்தில் ஆறு நாள் பின்னல்தான்.